எதிர்த்தவருக்கும் நாற்காலி போட்டவர்

ஜூலை 15 அன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடப்படுகிறது. தலைமையாசிரியையாக இருந்த காலமெல்லாம் அந்த மேடையில் அமர்ந்து, காமராஜரைப் பற்றிப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கதர் வேட்டி, வாடகை வீடு, விருதுநகரில் தனியே வாழ்ந்த தாய், இறக்கும்போது கையிருப்பில் இருந்த சொற்பத் தொகை என்று அந்தப் பேச்சுகள் ஏறத்தாழ ஒரே தடத்தில் செல்லும். அவற்றின் உண்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தத் தலைமுறையில் எளிமையாக வாழ்ந்து, சிறை சென்று, சொத்துச் சேர்க்காமல் மறைந்த காங்கிரஸ்காரர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் மட்டும் ஒன்பதாண்டுக் காலம் ஒரு மாநிலத்தை ஆண்டு, அதன் பிறகு இரண்டு முறை நாட்டின் பிரதமர் யார் என்பதை முடிவு செய்யும் இடத்துக்கு எப்படி வந்தார் என்ற கேள்விக்கு எளிமை மட்டும் விடையாகாது. அந்த விடையை, என்னைப் போல ஒரு சிறு நிறுவனத்துக்கேனும் பொறுப்பேற்றவர்கள் தேடிப் பார்ப்பது நல்லது என்று கருதுகிறேன்.

1954 மார்ச் மாத இறுதியில் நடந்த ஒரு தேர்தலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதலமைச்சராக இருந்த ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயரிட்ட அதற்குப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் காட்டிய எதிர்ப்பு ஒருபுறம் இருக்க, காங்கிரசுக்குள்ளேயே சட்டமன்ற உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். ராஜாஜி விலகினார். கட்சியின் சட்டமன்றத் தலைவர் பதவிக்குக் காமராஜர் நின்றார். ராஜாஜியின் அணியினர் சி. சுப்பிரமணியத்தை நிறுத்தினார்கள்; பக்தவத்சலமும் அந்த அணியின் பக்கமே நின்றார். வாக்குகள் எண்ணப்பட்டபோது காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41.

வென்றவர் அடுத்துச் செய்ததுதான் என்னை மீண்டும் மீண்டும் யோசிக்க வைக்கிறது. ஏப்ரல் 13 அன்று பதவியேற்ற அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டுப் பேர்தான் இருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் சுப்பிரமணியமும் ஒருவர், பக்தவத்சலமும் ஒருவர். சுப்பிரமணியத்தை ஏதோ ஓரத்துத் துறையில் அமர்த்தி வாயை அடைத்ததாகவும் கொள்ள முடியாது. நிதியும் கல்வியும் அவரிடமே இருந்தன. கல்வி அமைச்சர் என்ற முறையில் ராஜாஜியின் திட்டத்தைச் சட்டமன்றத்தில் தாங்கிப் பேசியவரே அவர்தான். அதே கல்வி அமைச்சர்தான் மே மாதத்தில் அந்தத் திட்டம் கைவிடப்படுவதை அறிவித்தார். தோற்ற அணிக்கு அவமானம் நேராமலும், அரசின் முடிவில் இம்மியும் தளர்வு இல்லாமலும் ஒரு பெரிய திருப்பம் நடந்து முடிந்தது.

புதிதாகப் பொறுப்பேற்கும் ஒருவர் முதல் வாரத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பணிக்காலத்தில் நான் பலமுறை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். அந்தப் பதவிக்குத் தன்னோடு போட்டியிட்டவர் யார், அவருக்காகப் பரிந்து பேசியவர்கள் யார் என்ற பட்டியல் பெரும்பாலும் மனத்துக்குள் முன்பே எழுதப்பட்டிருக்கும். சிலர் வெளிப்படையாகப் பழி தீர்ப்பார்கள். நாகரிகமானவர்கள், அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு அவர்களுடைய கருத்தைக் கேளாமல் விட்டுவிடுவார்கள். இரண்டாலும் நேர்வது ஒன்றே: அந்த இடத்தின் வேலை தெரிந்தவர்களில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். காமராஜர் அந்தப் பட்டியலைப் போடவில்லை. சுப்பிரமணியத்தின் திறமை அவருக்குத் தெரியும். அது மாநிலத்துக்குத் தேவை என்பதும் தெரியும். அதே சுப்பிரமணியம் பின்னாளில் மத்திய அரசில் உணவு, வேளாண்மை அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டவர்களில் ஒருவரானார் என்பதை நினைக்கும்போது, 1954-இல் அவரை ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு என்பது விளங்கும்.

அந்த எட்டுப் பேரில் மற்றவர்களையும் சற்றுப் பார்க்க வேண்டும். மாணிக்கவேலு நாயக்கரும் ராமசாமிப் படையாட்சியும் 1952 தேர்தலில் காங்கிரசை எதிர்த்துத் தனிக்கட்சி நடத்தி வென்றவர்கள். அந்தத் தேர்தலில் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றுத் திணறிய காங்கிரசுக்கு அவர்களுடைய வட்டாரங்களின் ஆதரவு தேவையாக இருந்தது; அந்தக் கணக்கு காமராஜருக்கு மிக நன்றாகவே தெரிந்திருந்தது. ஆகவே அவருடைய பெருந்தன்மையில் அரசியல் கணக்கே கலக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கும் பெருந்தன்மையும் ஒரே திசையில் செல்லும்படி ஒரு முடிவை அமைப்பதில்தான் அவருடைய தேர்ச்சி இருந்தது. பரமேஸ்வரனின் நியமனம் இன்னும் ஒரு படி மேலானது. கோயில் வாசலுக்குள் கால் வைப்பதற்கே போராட வேண்டியிருந்த பட்டியல் சமூகத்திலிருந்து வந்த அவரிடம் இந்து அறநிலையத் துறை ஒப்படைக்கப்பட்டது. எந்தக் கோயிலுக்குச் சென்றாலும் அத்துறையின் அமைச்சரை அதன் நிர்வாகிகள் வரவேற்றாக வேண்டும். தீண்டாமைக்கு எதிராக ஆயிரம் மேடைகளில் பேசுவதால் விளையக்கூடியதை ஓர் அரசாணையின் ஒற்றை வரி செய்தது.

இந்த மனப்பாங்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் விருதுபட்டிக்குத்தான், இன்றைய விருதுநகருக்குத்தான், போக வேண்டியிருக்கிறது. 1903-இல் அங்கே பிறந்த காமராஜர் சிறு வயதிலேயே தந்தை குமாரசாமியை இழந்தார். தாய் சிவகாமி அம்மையார் நகைகளை வைத்துக் குடும்பத்தை நடத்த வேண்டிய நிலை. அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, அந்த ஊர் மக்கள் வீட்டுக்கு வீடு ஒதுக்கி வைத்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி. சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு கைப்பிடியைத் தனியே போட்டுவைத்து, அதைத் திரட்டி விற்றுப் பள்ளி நடத்திய ஒரு சமூகத்தின் நடுவே அவர் வளர்ந்தார். ஆறாம் வகுப்போடு அந்தப் படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். ஏழ்மை ஒருவரைத் தானாகவே நல்ல தலைவராக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. இளமையில் பட்ட அவமானங்களுக்கு ஈடாக அதிகாரத்தை வாரிக் குவித்தவர்களையும் வரலாறு கண்டிருக்கிறது. காமராஜரிடம் அது வேறு விதமாக வேலை செய்தது. தன்னிடம் இல்லாதது எது என்பதைப் பற்றி அவருக்கு வெட்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. சட்டம் அறிந்தவர், பொருளியல் அறிந்தவர், ஆங்கிலத்தில் மத்திய அரசோடு வாதாட வல்லவர் தனக்குப் பக்கத்தில் வேண்டும் என்பதை அவர் இயல்பாக ஏற்றுக்கொண்டார். அப்படிப்பட்டவர்களைக் கண்டு அஞ்சவில்லை. 1957-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஆர். வெங்கட்ராமனை மாநிலத்துக்கே அழைத்துவந்து தொழில் துறையை ஒப்படைத்ததும் இதே வழியில்தான்.

அதே சமயம், தன்னிடம் இருந்தது எது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அது ஆள்களைப் பற்றிய அறிவு. ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தியால் உந்தப்பட்டுக் காங்கிரசுக்கு வந்த இளைஞர், வைக்கத்துக்குப் போனார், 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைப்பட்டார், மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். சிறைக்கு வெளியே இருந்த காலத்தில் அவர் செய்த வேலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது: ஊர் ஊராகச் சென்று கமிட்டிகள் அமைப்பது, உறுப்பினர் சேர்ப்பது, இரண்டு தொண்டர்களுக்கு இடையே உள்ள பிணக்கைத் தீர்ப்பது. அவரை அரசியலில் வளர்த்தவர் தீரர் சத்தியமூர்த்தி. 1936-இல் சத்தியமூர்த்தி மாகாணக் காங்கிரசின் தலைவராகவும் காமராஜர் செயலாளராகவும் இருந்தார்கள். நான்கு ஆண்டுகளில் காமராஜர் தலைவராகி, சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளர் பொறுப்பை ஏற்றார். குருவே சீடருக்குச் செயலாளராக இருக்க முன்வந்த அந்த ஏற்பாட்டைக் காமராஜர் தன் கண் முன்னே வாழ்ந்து பார்த்தவர். பதவியில் யார் மேலே, யார் கீழே என்பதை ஒரு வசதியாக மட்டும் கருதும் பழக்கம் அங்கேதான் வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்த ஆண்டுகளின் ஒரு நிகழ்ச்சி, தலைமை பற்றிய நீண்ட உரைகளைவிட எனக்கு அதிகம் சொல்லித் தருகிறது. 1942 ஆகஸ்டில் பம்பாயில் நடந்த அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்தில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. தலைவர்கள் உடனுக்குடன் கைது செய்யப்பட்டார்கள். காமராஜர் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார். சென்னையில் இறங்கினால் நேரே சிறைதான். அப்படிச் சிறை செல்வது அன்று பெருமைக்குரிய செயல். மாலை போட்டு வழியனுப்புவார்கள். ஆனால் தீர்மானத்தின் செய்தியும் இனி நடக்க வேண்டிய வேலைகளும் மாவட்டத் தொண்டர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அரக்கோணத்தில் நின்றிருந்த போலீஸ் கூட்டத்தின் கண்ணில் படாமல் தப்பி, ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று சுற்றி, சேர வேண்டியவர்களிடம் செய்தியைச் சேர்த்துவிட்டு விருதுநகர் வந்தார். வந்தவுடன் உள்ளூர்க் காவல் துறைக்குத் தானே சொல்லி அனுப்பினார், வேலை முடிந்தது, இப்போது கைது செய்துகொள்ளலாம் என்று. அடுத்த மூன்று ஆண்டுகள் அவர் சிறையில் இருந்தார். தப்பியதும் பணியாததும் வீரத்துக்காக இல்லை, ஒப்படைக்கப்பட்ட பணிக்காக. அந்தப் பணி முடிந்தபின் ஒரு மணி நேரம்கூட அவர் ஒளிந்திருக்க விரும்பவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நிகழ்ந்ததும் இதோடு சேர்த்து எண்ணத் தக்கது. அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 நவம்பரில் விடுதலையானவர், தன் சொந்த ஊர் தனக்களித்த அந்தப் பதவியிலிருந்து விலகிவிட்டார். முழுமையாக நியாயம் செய்ய இயலாத பதவியில் இருக்கக் கூடாது என்பது அவர் கருத்து. பள்ளிக்கல்வி நின்றுபோன, துணிக்கடையில் நின்ற ஒருவருக்குப் பிறந்த ஊரே நகராட்சித் தலைவர் நாற்காலியைத் தருகிறது என்றால் அதன் இனிமை எத்தகையது என்பதை நாம் உணர முடியும். அந்த இனிமையை அவர் சுவைத்துப் பார்க்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

கல்வியில் அவர் செய்தவற்றுக்கு வருகிறேன். என் தொழில் காரணமாக இந்தப் பகுதியில் சற்று நீண்ட நேரம் நிற்பதைப் படிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். மதிய உணவு என்ற யோசனை காமராஜரின் மூளையில் முதன்முதலாக உதித்ததாகச் சொல்வது சரியாகாது. 1920-லேயே பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்தது. அப்போது பணம் இல்லாமலும் அரசின் ஒத்துழைப்பு இல்லாமலும் நின்றுபோன ஒன்றை, மாநிலம் முழுதும் நடக்கக்கூடிய ஏற்பாடாக ஆக்கியதில்தான் அவருடைய தலைமை வெளிப்பட்டது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பெரியாரின் கொள்கைவழி நின்றவர், காங்கிரஸ்காரர் இல்லை. அது காமராஜருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பசி ஒரு காரணம் என்ற நோயறிதலில் இருவரும் ஒத்துப்போனார்கள். வழியைக் காண்பது இயக்குநரின் வேலை, அதற்குத் துணை நிற்பது முதலமைச்சரின் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள்.

அரசிடம் அந்த அளவுக்குப் பணம் இல்லை. ஆகவே 1956-இல் திட்டம் மக்களின் நன்கொடையில் தொடங்கியது. அரசின் மானியம் பிறகுதான் வந்தது. என் தாயார் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாராம். எந்த வீட்டிலிருந்து எத்தனை படி அரிசி வந்தது, யார் ஒரு கட்டு விறகு போட்டார், யார் தோட்டத்துப் பூசணிக்காய் அன்று குழம்புக்கு வந்தது என்று அதில் எழுதி, வாரக் கடைசியில் வகுப்பில் வாசித்துக் காட்டுவாராம். விறகு மட்டுமே தர முடிந்த குடும்பத்தின் பெயரும், மூட்டை நெல் தந்த பண்ணையாரின் பெயரும் ஒரே குரலில் வாசிக்கப்பட்டன என்பதை என் தாயார் எழுபது வயதைக் கடந்த பிறகும் நினைவுகூர்ந்து சொல்வார். அலுமினியத் தட்டை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். சாதி பார்த்து வரிசை பிரிக்கக் கூடாது என்பதில் அந்தத் தலைமையாசிரியர் மிகக் கண்டிப்பாக இருந்தாராம்.

விருதுபட்டியின் பிடி அரிசி மாநிலம் முழுதும் பரவியதாகவே இதை நான் பார்க்கிறேன். பின்னர் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அதே முறையில்தான் அமைந்தன. ஒரு வட்டாரத்தில் உள்ள பள்ளிகளுக்கு என்னென்ன தேவை என்று முதலில் கணக்கெடுப்பார்கள்: இத்தனை பெஞ்சு, இத்தனை கரும்பலகை, இந்தப் பள்ளிக்குக் கூரை, அந்தப் பள்ளிக்குக் கிணறு. அந்தப் பட்டியலை ஊர்க்காரர்கள் முன் வைப்பார்கள்; அவரவரால் இயன்றதை அவரவர் ஏற்றுக்கொள்வார்கள். முதலமைச்சரே மாநாட்டுக்கு வருகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு பள்ளிக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர் அதன்பின் அந்தப் பள்ளியில் ஆசிரியர் சரியாக வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார். அரசு மட்டுமே செலவழித்திருந்தால் இந்தக் கண்காணிப்பு வந்திருக்காது. ஒரு தலைமையாசிரியையாக, பெற்றோர் கூட்டத்தில் பணம் கேட்பதைவிட வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது எவ்வளவு பயன் தரும் என்பதை நான் கற்றுக்கொண்டது இந்த மாநாடுகளைப் பற்றிப் படித்தபோதுதான்.

அவருடைய நிர்வாக முறையைப் பற்றி மூத்த அலுவலர்கள் சொன்னவற்றில் பொதுவாகக் காணப்படுவது, அவர் பொறுமையாகக் கேட்பார் என்பதும் குறைவாகப் பேசுவார் என்பதும். மனுவோடு வருகிறவரிடம் வாக்குறுதி தர மாட்டார். "ஆகட்டும், பார்க்கலாம்" என்பதே புகழ்பெற்ற மறுமொழி. நிறைவேற்ற முடியாததைச் சொல்லாமல் இருப்பது ஒரு பண்பு என்றால், முடிவெடுத்தபின் அந்தத் துறைக்காரரின் வழியில் குறுக்கே நிற்காமல் இருப்பது அதைவிட அரிய பண்பு. வைகை, சாத்தனூர், மணிமுத்தாறு, அமராவதி அணைகள், கிண்டித் தொழிற்பேட்டை, நெய்வேலி நிலக்கரி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் என்று அந்த ஆண்டுகளில் வந்தவற்றின் பட்டியல் எல்லோரும் அறிந்தது. அவற்றில் மாநிலத்தினுடையவையும் உண்டு, மத்திய அரசினுடையவையும் உண்டு. ஆகவே முழுப் புகழையும் ஒருவருக்கே சூட்டுவது மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதி. அந்த மற்றவர்கள் உழைக்க இடம் கொடுத்தது அவர் புகழாகத் தாராளமாகச் சொல்லலாம்.

1963-இல் அவர் செய்தது உலக அரசியலிலேயே அரிதானது. அந்த ஆண்டு நடந்த இடைத்தேர்தல்களில் கிருபளானி, லோகியா, மசானி போன்ற எதிர்க்கட்சித் தலைவர்கள் காங்கிரசைத் தோற்கடித்திருந்தார்கள். பதவியில் இருக்கும் மூத்தவர்கள் விலகிக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று காமராஜர் நேருவிடம் சொன்னார். அவருடைய பெயராலேயே அழைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின்படி ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் விலகினார்கள். மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன் ராம் ஆகியோர் அந்த வரிசையில் இருந்தார்கள். முதலமைச்சர்களில் திட்டத்தைச் சொன்னவரே இருந்தார். முதலமைச்சராக இரண்டு தேர்தல் வெற்றிகளைக் கண்டவர், 206-இல் 139 இடங்களோடு அசைக்க முடியாத பெரும்பான்மை கொண்டிருந்தவர், அறுபது வயதில், 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பதவியைத் துறந்தார். நேரு தமக்குப் போட்டியாளர்களை அகற்ற இதைப் பயன்படுத்திக்கொண்டார் என்ற விமரிசனம் அன்றே எழுந்தது. அதில் உண்மை ஓரளவு இருக்கவும் கூடும். ஆயினும் பிறரை விலகச் சொல்பவர் தன்னை முதலில் வைத்தார் என்பதை எந்த விமரிசனமும் மாற்றிவிடாது.

காமராஜர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவரான பிறகு, 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அடுத்த சில நாள்களில் காமராஜர் கையாண்ட முறை, 1954-இன் அதே முறையின் விரிவு. நாடாளுமன்ற உறுப்பினர்களையும் முதலமைச்சர்களையும் கட்சித் தலைவர்களையும் தனித்தனியாகச் சந்தித்து, யாரை ஏற்பீர்கள் என்று கேட்டார். வாக்கெடுப்பு நடந்தால் வெல்பவருக்கும் தோற்பவருக்கும் இடையே ஏற்படும் பிளவை நாடு அந்த நேரத்தில் தாங்காது என்று கருதினார். அப்படித் திரண்ட கருத்தின்படி ஜூன் 2 அன்று சாஸ்திரி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபோது மொரார்ஜி விட்டுக்கொடுக்கவில்லை, வாக்கெடுப்பு நடந்தது, காமராஜர் ஆதரித்த இந்திரா காந்தி 355 வாக்குகளும் மொரார்ஜி 169 வாக்குகளும் பெற்றார்கள். இரண்டு தருணங்களிலும் காமராஜரே பிரதமராகலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த நாற்காலிக்கு வேண்டிய மொழிப் பயிற்சி தன்னிடம் இல்லை என்று அவர் கருதினார். ஆறாம் வகுப்பில் நின்ற படிப்பைப் பற்றி அவரிடம் எப்போதும் இருந்த அந்த மயக்கமற்ற தெளிவு, நாட்டின் உச்சப் பதவி எதிரே வந்து நின்றபோதும் மாறவில்லை.

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் நானும் ஜூலை 15 மேடைப் பேச்சையே வேறு சொற்களில் எழுதியவளாவேன். அவருடைய தலைமையின் பெரிய சறுக்கலையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். 1957-இல் திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 இடங்களை வென்றது. அந்தப் பதினைந்து பேரையும் அடுத்த முறை தோற்கடித்துவிட வேண்டும் என்று காங்கிரஸ் 1962-இல் முழு மூச்சாக உழைத்தது. பதினான்கு பேர் தோற்றார்கள், காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார், மு. கருணாநிதி ஒருவர்தான் தஞ்சாவூரிலிருந்து மீண்டார். ஆனால் அந்தக் கட்சி மற்ற இடங்களில் வென்று, அவரையும் சேர்த்து 50 பேரோடு சட்டமன்றத்துக்குள் வந்தது. ஆள்களை அறிவதில் ஈடிணையற்ற ஒருவர், அந்த ஆள்களுக்குப் பின்னே திரண்டுகொண்டிருந்த இளைஞர்களின் மனத்தை அறியத் தவறினார் என்றே இதை நான் படிக்கிறேன். பெயர் தெரிந்த பதினைந்து பேரைக் குறிவைக்க அவரால் முடிந்தது. பெயர் தெரியாத ஒரு தலைமுறை, அவரே திறந்துவைத்த பள்ளிகளில் எழுத்தறிந்து, படிப்பகங்களில் செய்தித்தாள் வாசித்து, மொழியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தது.

அவர் டெல்லிக்குப் போனபின் முதலமைச்சரான பக்தவத்சலம் நிர்வாகத்தில் தேர்ந்தவர். ஆனால் 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாணவர்களிடையே தீயாகப் பரவியபோது அதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே அவர் அரசு அணுகியது. அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. பிறந்த ஊரான விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். ஆட்சியைத் துறந்த செயலை நாம் எவ்வளவு போற்றினாலும், அந்த ஆட்சி யார் கையில் எந்த நிலையில் விடப்பட்டது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. பக்தவத்சலத்துக்குத் துறைகள் தெரிந்திருந்தன. எந்தத் தாலுகாவில் எந்தத் தொண்டருக்கு என்ன மனக்குறை என்பது காமராஜருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. இருபது ஆண்டுக்கு மேலாக நடந்தும் ரயிலேறியும் அவர் சேர்த்த அந்த அறிவு அவர் நினைவிலேயே தங்கிவிட்டது. வேறொருவர் அதைக் கற்றுக்கொள்ளும் வகையில் கட்சியில் எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. பணி ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளில் என்னை மிகவும் உறுத்திய கேள்வியும் இதுதான். எந்தப் பிள்ளை எந்த வீட்டுச் சூழலிலிருந்து வருகிறது, யாரிடம் பேசினால் அந்தப் பிள்ளையைத் தேர்வு எழுத அனுப்புவார்கள் என்பதெல்லாம் எங்கள் பள்ளியில் ஓரிருவர் தலைக்குள்தான் இருந்தது. அதை அடுத்து வருபவர்களிடம் கொண்டு சேர்க்க அவர்களைக் கூடவே அழைத்துச் செல்வதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்குப் பதவியில் இருக்கும்போதே நேரம் ஒதுக்க வேண்டும்.

தோற்றவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ஓய்ந்து உட்கார எல்லா நியாயமும் இருந்தது. 1969 ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது அவர் அங்கே சென்று நின்று வென்றார். அந்த ஆண்டின் இறுதியில் காங்கிரஸ் பிளந்தது. தான் பிரதமராக்கிய இந்திரா காந்திக்கு எதிர் அணியில் அவர் இருக்க நேர்ந்தது. 1971-இல் அவருடைய அணி, ஒரு காலத்தில் அவர் எந்தத் திட்டத்தை எதிர்த்துப் பதவிக்கு வந்தாரோ அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜியின் சுதந்திரா கட்சியோடு சேர்ந்து தேர்தலைச் சந்தித்துப் பெருந்தோல்வி கண்டது. சட்டமன்றத்தில் 15 இடங்கள் கிடைத்தன. தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அந்தக் கட்சியின் சார்பில் வென்றவர் நாகர்கோவிலில் மீண்டும் நின்ற காமராஜர் ஒருவர்தான். அதன் பிறகும் 1975 அக்டோபர் 2 அன்று மறையும் வரை அவர் மாவட்டங்களுக்குப் பயணம் செய்துகொண்டுதான் இருந்தார். பழைய தொண்டர்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.